ஏழு வீட்டுக் கூரைத் தண்ணீர்

“வட்டமா, சதுரமா? அதச் சொல்லும்மா மொதல்ல.”

“தண்ணி எங்கன போயி விழும்? அதச் சொல்லுங்க பாய் நீங்க மொதல்ல.”

“நீ எங்க விழணும்னு சொல்றியோ அங்க விழும். தண்ணிக்குன்னு தனியா ஆசையா இருக்கு?”

“அப்போ எங்க வாசல்ல விழக் கூடாது.”

“பஸ், போதும். அதத்தான் எல்லாரும் சொல்றாங்க.”

அப்துல் ஹாதி இரும்பு ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து, மடியில் இரண்டு தகரத் துண்டுகளை வைத்திருந்தார். மும்பை குர்லாவில் அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. கூரை விளிம்பில் மாட்டுகிற தகர வாய்க்கால் செய்வதுதான் தொழில். ஒரு துண்டு பிளந்த மூங்கில் போல வளைந்திருந்தது. மற்றது மூடியில்லாத நீளப் பெட்டி.

“வட்டம்னா தண்ணி வேகமா ஓடிரும், குப்பை நிக்காது. சதுரம் நெறைய பிடிக்கும், ஆனா மூலையில சேறு தங்கும். பிளாஸ்டிக்கும் இருக்கு. வெயிலுக்கு வளஞ்சிரும். காக்காவுக்கு அது ரொம்ப இஷ்டம்.”

மாரீஸ்வரி இரண்டு துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவள் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு தாராவியில் தன் வீட்டு மேலறையில் அவள் ஒரு பார்லர் திறந்திருந்தாள். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு திரை. அங்கே போக வாசலில் நிற்கிற இரும்பு ஏணியைத் தவிர வேறு வழி இல்லை. போன மழைக்காலம் முழுவதும் கூரைத் தண்ணீர் சரியாக அந்த ஏணியின் மேல்தான் கொட்டியது. இந்த வருஷமும் கொட்டினால், மேலே வந்து அலங்காரம் செய்துகொண்ட பெண் இறங்கும்போது பழைய முகத்தோடுதான் தரைக்குப் போவாள். அதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

“சதுரம்,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நம்ம தண்ணிய பக்கத்து வீட்டு பார்வதியம்மா அத்தை வாய்க்கால்ல விட்டுருங்க பாய். அத்தைக்குத் தெரிய வேண்டாம்.”

“நான் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்,” என்றார் அப்துல் ஹாதி.

அவர் வாக்குத் தவறவில்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

ஏழு வீடுகள் ஒரு சின்னச் சதுக்கத்தைச் சுற்றி, சீட்டாட உட்கார்ந்தவர்கள்போல் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றன. வெளியே போக ஒரே ஒரு சந்து. அங்கே அடுத்தவர் வாசலில் துணி காயப்போடலாம், அடுத்தவர் துடைப்பத்தைக் கேட்காமல் எடுக்கலாம், அடுத்தவர் டிவியைத் தன் வீட்டிலிருந்தே பார்த்து ரிமோட்டையும் கேட்டு வாங்கலாம். ஆனால் தன் கூரைத் தண்ணீர் அடுத்தவர் வாசலில் விழக் கூடாது. அதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் இரண்டு தலைமுறையாகப் பேசாமல் இருந்தார்கள்.

எனவே ஒவ்வொரு வீட்டாரும் அப்துல் ஹாதியைத் தனியாகக் கூப்பிட்டு, வாசல் கதவைச் சாத்திவிட்டு, ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். பார்வதியம்மாளுக்குச் சதுரம் பிடிக்கவில்லை, சவப்பெட்டி மாதிரி இருக்கிறதாம். வட்டம் போட்டாள். இன்னொரு வீட்டுக்காரர் பூலோகம், மாட்டுங்காவில் தான் வேலை பார்க்கும் கட்டிடத்தில் பார்த்த அலுமினியம்தான் வேண்டும் என்றார். எதிர்வீட்டு சுலைகா, மகள் சாதியாவுக்கு நிக்காஹ் வருவதால் பச்சை பிளாஸ்டிக் கேட்டாள். அப்துல் ஹாதி எல்லாருக்கும் அவரவர் கேட்டதையே மாட்டினார். ஒவ்வொருவர் தண்ணீரையும் அவரவர் கேட்டபடியே அடுத்தவர் வாய்க்காலில் விட்டார்.

மழை வந்தது. சந்துக்கு வெளியே சாலை முழங்கால் ஆழம். ஏழு வாசலிலும் ஒரு சொட்டு விழவில்லை. எல்லாரும் வாசலில் நின்று கையை நீட்டிப் பார்த்து, தாங்கள் எடுத்த முடிவை மெச்சிக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து மாரீஸ்வரி ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் கிளிப்பை வாய்க்காலில் தவற விட்டாள். அது பார்வதியம்மாள் வீட்டுப் பக்கம் மிதந்து போனது. ஒரு வாடிக்கைக்காரிக்குப் புருவம் திருத்தி முடிப்பதற்குள் அதே கிளிப் மறுபக்கத்திலிருந்து வந்து, அவள் ஜன்னலைக் கடந்து, மறுபடியும் போனது.

“பாய், தண்ணி கீழ எறங்கல. சுத்திக்கிட்டே இருக்கு,” என்றாள் போனில்.

“இறக்கம் எல்லா வீட்டுக்கும் வச்சிருக்கேனே.”

“ஏழு வீட்டுக்கும் எறக்கம்னா எட்டாவதா எங்க போவும்?”

“எட்டாவது உன் வீடுதான்மா.”

பூலோகம் நம்பவில்லை. கொத்தனாரிடம் சரிவு பார்க்கும் ரசமட்டம் கடன் வாங்கி வந்து, ஏணியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். எந்த வீட்டில் வைத்தாலும் குமிழி ஒரே பக்கம் ஓடியது. இறக்கம். அடுத்ததும் இறக்கம். அதற்கடுத்ததும். இறங்கி இறங்கி, கிளம்பிய அதே உயரத்தில் தன் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். ரசமட்டத்தைத் துண்டால் துடைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மறுநாள் அதன் மேல் ஒரு செம்பருத்தி இருந்தது. கொத்தனார் திரும்பக் கேட்கவில்லை.

பிறகு பழகிவிட்டது. தலைக்கு மேல் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே வாழ்க்கை காய்ந்து கிடந்தது. பூலோகம் ஜன்னலில் நின்று அந்தத் தண்ணீரில் முகச்சவரம் செய்தார். சுலைகா கல்யாணப் பத்திரிகைகளை பிளாஸ்டிக் உறையில் போட்டு மிதக்க விட்டாள். பார்வதியம்மாள் ஒரு தூக்குச்சட்டியில் புளிக்குழம்பு அனுப்பினாள். நாலு அடுக்களையைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அதில் நாலு பேர் உப்புப் பார்த்திருந்தார்கள், ஒருவர் கருவாடும் சேர்த்திருந்தார்.

“யாருட்டி என் கொழம்புல கருவாடு போட்டது?” என்று பார்வதியம்மாள் ஜன்னலில் நின்று கத்தினாள்.

“நல்லாத்தான இருக்கு? சும்மா இரிங்க மயினி,” என்றது எந்த வீடு என்று தெரியாத ஒரு குரல்.

ஆனால் மழை நிற்கவில்லை. இறங்காத தண்ணீரின் மேல் புதுத் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருந்தது. மாரீஸ்வரியின் சதுரம் நிறையப் பிடிக்கும் வகை, பிடித்துக்கொண்டே இருந்தது. தகரம் வயிறு வைத்தது. ஒரு நாள் கண்ணாடிக்கு மேலே சுவரில் கீறல் விழுந்தது. மறுநாள் அந்தக் கீறல் கண்ணாடியிலும் இருந்தது.

அப்துல் ஹாதி வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “ஒவ்வொரு வீட்டு வாய்க்கால்லயும் அடியில ஒரு ஓட்டை போட்டு, கட்டை அடைச்சு வச்சிருக்கேன். யாராவது ஒருத்தர் கட்டைய உருவணும். உருவினா எல்லாத் தண்ணியும் அவங்க வாசல்ல எறங்கிரும். இல்லன்னா இது உன் சுவத்தப் பேத்துக்கிட்டு வரும். உன் சுவருதான் பழசு.”

ஏழு வீட்டாரும் சதுக்கத்தில் கூடினார்கள். யார் உருவுவது?

“காலைல என் வாசல்லதான் இட்லி அடுப்பு எரியுது,” என்றாள் பார்வதியம்மாள்.

“என் பைக்க எங்கன வைப்பேன்?” என்றார் பூலோகம்.

“நிக்காஹ் வீட்டுல வாசல்ல சேறா?” என்றாள் சுலைகா.

மாரீஸ்வரியின் கணவன் மாரிக்கண்ணன், “நாமளே உருவிக்கிடுவோமாட்டி?” என்று மெதுவாகக் கேட்டான்.

“உருவிட்டு, ஏணில ஏறி வாரவளுக்கு சோப்பும் குடுப்போமா?”

கடைசியில் ஏழு பேரும் ஒரு மனதாக முடிவெடுத்தார்கள். வாய்க்கால் சின்னதாக இருப்பதுதான் குறை. இன்னும் பெரிதாகப் போட வேண்டும். அப்துல் ஹாதி பெரிதாகப் போட்டார். அது இன்னும் நிறையப் பிடித்தது.

நிக்காஹ் அன்று காலை மழை வலுத்தது. சாதியா பார்லர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சதுக்கத்தின் முதல் மணப்பெண் அலங்காரம். இது நன்றாக அமைந்தால் செம்பூரிலிருந்துகூட ஆள் வரும் என்று மாரீஸ்வரி கணக்குப் போட்டிருந்தாள். ஒரு கண்ணுக்கு மை தீட்டி முடித்தபோது சுவரிலிருந்து வாய்க்காலைப் பிடித்திருந்த ஒரு ஆணி தெறித்துக் கண்ணாடியில் பட்டு விழுந்தது. மாரிக்கண்ணன் நீள ஆணி வாங்க குர்லாப் பட்டறைக்கு ஓடினான். இரண்டாவது ஆணி அவனுக்காகக் காத்திருக்கவில்லை.

மாரீஸ்வரி ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, வாய்க்காலைத் தோளில் தாங்கினாள். ஏழு வீட்டு மழை அவள் தோளில் உட்கார்ந்தது.

“அக்கா, இந்தக் கண்ணு?” என்றாள் உள்ளே சாதியா, தலையை அசைக்காமல்.

“நாற்காலியக் கொஞ்சம் இங்கிட்டு நகத்து கண்ணு. மேல பாரு. இமைக்காத.”

ஒரு கையால் தகரத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் உள்ளே இமைக்கோடு வரைந்தாள். கோடு ஆச்சரியமாக நேராக வந்தது. ஆனால் தகரம் தோளை அழுத்திக் கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. தன் வீட்டுக் கட்டை அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை உருவினால் சுவர் தப்பும், கண்ணாடி தப்பும். ஆனால் சாதியா அந்த அருவிக்குள்தான் ஏணியில் இறங்கியாக வேண்டும். உருவாவிட்டால் சுவர் மணப்பெண் மேல் சாயும்.

எதிர் ஜன்னலில் சுலைகா தெரிந்தாள், புதுப் புடவையில், தலையில் முக்காடோடு. அவள் வாசலில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். சந்தின் முனையில் மாப்பிள்ளை வீட்டார் குடைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு சொட்டும் விழவில்லையே என்று அவர்கள் வியந்துகொள்வது மேலே வரைக்கும் கேட்டது. சுலைகாவின் பச்சை வாய்க்காலின் கட்டை அவள் கையருகே இருந்தது.

“என்ன மாரி, வெளிய தொங்குத? புள்ளைக்கு முடிஞ்சிட்டா?” என்றாள் சுலைகா.

“முடியப் போவுதுக்கா. ரொம்ப அழகா இருக்கா.” மாரீஸ்வரி மூச்சை இழுத்துக்கொண்டாள். தகரம் அவள் காதோரம் முனகியது. “அக்கா, கோச்சுக்கிடாதிய. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் இந்தத் தண்ணிய உங்க வாசல்ல எறக்கிக்கிடுதியளா?”