ஒரு வெடி அதிகம்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கல் குவாரிக்குள் கால் வைத்ததே இல்லை. 1957இல் ஒரு மத்தியானம், அல்சூர் பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தூரத்தில் பாறைக்கு வெடி வைக்கும் சத்தம் கேட்டது. எதிரே இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு விரல்களை மடக்கி எண்ணினார். "வெக்கிறது பன்னெண்டு. ஒண்ணு ஜாஸ்தி" என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று நான் எண்ணவில்லை. அதற்குப் பிறகு தினமும் எண்ணுகிறேன்.

2

"விண்ணை முட்டும் கரும்பாறைகளின் நடுவே

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

மறுபடியும். டீயை வைத்துவிட்டுப் போனவருக்கு முனிராஜ் என்று பெயர் வைக்கிறேன். அல்சூருக்குப் பக்கத்து மர்பி டவுன்காரர், குவாரியில் வெடி வைப்பவர். காலையெல்லாம் ஆட்கள் பாறையில் குழி அடிப்பார்கள். முனிராஜ் அவற்றில் மருந்து கெட்டித்துத் திரி வைப்பார். சிவப்புக் கொடி ஏறியதும் மற்றவர்கள் தகரக் கொட்டகைக்குள் காதைப் பொத்திக்கொள்வார்கள். முனிராஜ் மட்டும் எண்ணுவார். பன்னிரண்டு குழிக்குப் பன்னிரண்டு சத்தம். ஒன்று குறைந்தால் ஒரு குழி வெடிக்காமல் பாறைக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு யாரும் கிட்டே போகக் கூடாது.

(இரண்டு குழி ஒன்றாக வெடித்தால் ஒரே சத்தம்தானே கேட்கும் என்கிறீர்களா? அதற்குத்தான் வருகிறேன்.)

3

போன ஆடியில் ஒருநாள் மழை கறுத்துக்கொண்டு வந்தது. பதினொன்றுதான் கேட்டது. ரெண்டு சேர்ந்து வெடித்திருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு முனிராஜ் "சரி" என்று சொல்லிவிட்டார். முதலில் போனவன் அவருடைய கூட்டாளி அய்யாவு. கடப்பாரை பட்டதும் பன்னிரண்டாவது வெடித்தது.

அய்யாவு பீடி பற்றவைத்திருப்பான் என்று விசாரணையில் எழுதிக்கொண்டார்கள். முனிராஜ் வாயைத் திறக்கவில்லை.

இந்த இடத்தில் அவர்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. நோயாளிப் பெண்டாட்டி ஒருத்தியைக் கொடுத்துக் கொஞ்சம் இரக்கம் வாங்கித் தரலாமா என்று பார்த்தேன். எழுதி, அடித்துவிட்டேன்.

4

அய்யாவுவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பன்னிரண்டு குழிக்குப் பதிமூன்று கேட்டது.

எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தார். எதிரொலி என்றால் எல்லா வெடிக்கும் அல்லவா வர வேண்டும்? மறுநாளும் பதிமூன்று. அதற்கு மறுநாளும். ஒன்று மட்டும் கூடுதல். எல்லாம் ஒரே மாதிரிச் சத்தம். எது அய்யாவுவுடையது என்று பிரிக்க முடியவில்லை. இப்படியே எட்டு நாள். எட்டு நாளும் யாரிடமும் சொல்லாமல் "சரி" என்றார்.

(பேயை நம்புகிறீர்களா என்று என்னைக் கேட்காதீர்கள். பகலில் கேட்டால் இல்லை என்பேன். ஆனால் இதெல்லாம் நடப்பதே பகலில்தான்.)

5

ஒன்பதாம் நாள். பன்னிரண்டு குழி.

"எத்தினி, முனிராஜ்?" என்றார் மேஸ்திரி தியோடர்.

"பன்னெண்டு."

"கரெக்ட். பேஜாரே இல்ல. நடங்க, நடங்க!"

விசில் ஊதியது. கல் சுமக்கும் பெண்கள் கூடைகளோடு இறங்கினார்கள். முன்னால் போனவள் முத்தம்மா, அய்யாவுவின் மனைவி.

அப்போதுதான் முனிராஜுக்கு உறைத்தது. அய்யாவு இன்று வரவில்லை என்றால் எல்லாம் சரி. வந்திருந்தால், கேட்ட பன்னிரண்டில் ஒன்று அவனுடையது. அப்படியானால் ஒரு குழி இன்னும் வெடிக்கவில்லை.

"முத்தம்மா! போகாத, நில்லு!"

அவள் திரும்பினாள். "ஏண்ணா? நீதானே பன்னெண்டுன்னே?"

"பன்னெண்டுதான். ஆனா..."

முத்தம்மா கூடையை இறக்கினாள். அவரையே பார்த்தாள். முகம் மெல்ல மாறியது.

"அன்னிக்கும் சரின்னுதானே சொன்னே?"

6

மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் முனிராஜ் எதையோ சொல்லி மழுப்புகிறார். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறாள். இன்னொன்றில் அவள் காலில் விழுகிறார். எனக்கே கூச்சமாக இருந்தது. மூன்றாவதில் பாறை

இல்லை, எழுத மாட்டேன். நான் பாறையிலிருந்து சில மைல் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். என் பேச்சை நம்பி யாரும் அங்கே கால் வைக்க வேண்டாம்.

மற்ற பெண்கள் முத்தம்மாவைத் தாண்டி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். முனிராஜ் மறுபடியும் விரல்களை மடக்கி எண்ணுகிறார். இத்தனையும் தெரிந்த ஆள் அங்கே இன்னும் ஒருவர்தான்: இதைப் படிக்கும் நீங்கள். அவள் இப்போது உங்களைப் பார்க்கிறாள். சீக்கிரம் சொல்லுங்கள்: அய்யாவு செத்த அன்றைக்கு எத்தனை கேட்டது?