தாங்கக் கூடாத டிரம்

மஞ்சள் சவுரி விசிறி விசிறி முகத்தில் அடிக்க, இரண்டு ஸ்டிக்கும் தலைக்கு மேலே போய்ப் போய் இறங்க, புகைக்குள் வெள்ளை டிரம்களுக்கு நடுவே உட்கார்ந்து வெளுத்து வாங்கிக்கொண்டிருப்பது பொற்கொடிதான், தணிகாசலம் பெற்ற பெண்தான், ஆனாலும் இந்த வெளிச்சத்தில் பார்த்தால் சுவரில் ஒட்டியிருக்கிற போட்டோவிலிருந்து அந்த வெள்ளைக்காரனே இறங்கி வந்துவிட்டான் போலிருக்கிறது, எப்படி அடிக்கிறாள் பார் கழுதை என்று உள்ளுக்குள் பூரித்தபடி, ஷூட்டிங் நடக்கிற அந்தக் கொட்டகையின் ஓரத்தில் தணிகாசலம் நின்று, கட்டைவிரலில் காய்ந்து கிடந்த பசையை நகத்தால் உரித்துக்கொண்டிருக்கிறார், உரித்துக்கொண்டே இருந்தவருக்குத் திடீரென்று, ஏது இந்தப் பசை என்று தோன்றியது. காலையிலிருந்து பசை வேலையே இல்லை. இந்த டிரம்முக்குப் பசையே ஆகாது, ஊதினால் பறக்கிற கட்டையைச் சீவி, காகித நாடாவால் ஒட்டி, மேலே முத்துச் சிப்பி மாதிரி மினுங்குகிற தாளைச் சுற்றியதோடு சரி, அப்புறம் விரலுக்குப் பசை எங்கிருந்து வரும். பாட்டு முடிகிற இடத்தில் அவள் முக்காலி மேல் ஏறி, முன்னால் இருக்கிற பெரிய டிரம் மேல் குப்புறப் பாயப் போகிறாள்.

அந்த வெள்ளைக்காரன் பெயர் பார்னி வெல்ஷ், ஒரு காலத்தில் ராக் இசையில் அவன் கொடிதான் பறந்ததாம், ஒவ்வொரு கச்சேரி முடிவிலும் எழுந்து தன் டிரம் மேலேயே பாய்ந்து அதை நாசம் பண்ணிவிட்டுத்தான் இறங்குவானாம், பைத்தியக்காரப் பையன், அவன் கதையைத் தொடராக எடுக்க வெளிநாட்டுக்காரர்கள் சென்னைக்கு வந்துவிட்டார்கள், இங்கே செலவு கம்மி. அவன் வாசித்த டிரம் செட்டுகளை அச்சு அசலாகச் செய்து தரும் வேலை, சினிமா செட் போடும் சாலிகிராமத்துத் தணிகாசலத்திடம் வந்தது. ஆரம்ப காலத்துச் சிவப்பு, நடுவில் வாசித்த கறுப்பு, இரண்டும் நிஜ டிரம்மாகவே செய்தார், போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஒவ்வொரு திருகும் எங்கே இருக்கிறதென்று பார்த்துப் பார்த்துச் செய்தார், டைரக்டர் தட்டிப் பார்த்துவிட்டு இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கடைசியாக வெள்ளை. ஆர்ட் டைரக்டர் கிருபாகரன் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துச் சொன்னார், அண்ணே, இது அடிக்குத் தாங்கணும், ஆளுக்குத் தாங்கக் கூடாது, ஒரே ஷாட்ல வாசிச்சு அப்படியே விழணும், நடுவுல ஆள் மாத்த முடியாது, விழுந்தா அப்பளமா நொறுங்கணும், புரியுதா. புரிந்தது, ஆனால் தலை சுற்றியது. இத்தனை வருஷத்தில் நொறுங்கவென்று எதையுமே அவர் செய்ததில்லை. அவர் போட்ட செட்டைப் பிரிக்க வருகிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், தணிகா அண்ணன் கட்டின கோயிலா, பொக்லைன் கொண்டாங்கடா என்று கிண்டல் பண்ணுவார்கள், அட்டைத் தூணுக்குக்கூட உள்ளே ஒரு பலகைப் பட்டை வைத்து இறுக்கிவிடுவார், யாராவது சாய்ந்தால் பாவம் என்பார். விழப்போகிறவர் யாரோ ஸ்டண்ட் ஆள் என்றுதான் நினைத்திருந்தார், ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது பொற்கொடி சாதாரணமாகச் சொன்னாள், அது நான்தான் நைனா. பார்னியாக நடிக்க வந்த ஹீரோவுக்கு ஸ்டிக் பிடிக்கவே வரவில்லையாம், மெல்லிசைக் குழுவில் டிரம் வாசிக்கிற இவளை டூப்பாகப் பிடித்துப் போட்டுவிட்டார்களாம், உடம்பும் அவனை மாதிரியே இருக்கிறதாம். ஒட்டடைக்குச்சின்னு ஊரே சொல்லிச்சு, அதுக்கும் ஒரு வேல வந்துது பாரு என்று அம்மா சுலோச்சனா மகள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். தணிகாசலம் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

செய்து முடித்த முதல் வெள்ளை டிரம் மேல் அவரே விழுந்து பார்த்தார், பின்னே வேறு யாரைத் தள்ளிவிடுவது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முக்காலியில் ஏறிப் பாய்ந்தார், டிரம் அசையவே இல்லை, அதன் மேல் கட்டிலில் படுத்த மாதிரி படுத்துக் கிடந்தார், வேலையாட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், விலாவில் ரத்தம் கட்டிவிட்டது. உள்ளே கையை விட்டால் வளைத்த பலகைப் பட்டை, பசை போட்டு, கல்லு மாதிரி, யாருடா வச்சது என்று கத்தினார், வைத்தது அவர் கைதான், கை வைத்திருக்கிறது, மனசுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு சுலோச்சனா எண்ணெய் தடவியபடி, இந்த வயசுல உனக்கு இது தேவையா என்றாள், அவரோ மகள் விலா அங்கே பட்டால் என்ன ஆகும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்து செய்தது அழகாக நொறுங்கியது. அதே மாதிரி ஷூட்டிங்குக்கு மூன்று செய்து வைத்தார், அதில் ஒன்றின் நடுவேதான் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

பட்டையை வைத்தேனா, வைக்கலையா. காலையில் வெளிச்சம் வருமுன்னே இந்தக் கொட்டகைக்கு வந்தார், அது நிச்சயம், டிரம்களைத் துடைத்தார், பெரிய டிரம்மின் பின்பக்கம் உட்கார்ந்தார், உட்கார்ந்து, உட்கார்ந்து என்ன செய்தார், கை உள்ளே போகிறது, விரல் பலகையின் ஓரத்தைத் தடவுகிறது, ஆனால் அது டிரம் இல்லை, தொட்டில், அவள் பிறந்த மாதம் செய்த தொட்டில், அடியில் ஒரு பட்டை, அதற்கு மேல் இன்னொன்று, சுலோச்சனா சிரிக்கிறாள், யானையா தூங்கப் போகுது, தொட்டிலில் கிடப்பது பொற்கொடி, மஞ்சள் சவுரியோடு கிடக்கிறாள், கையில் ஸ்டிக், இல்லை, கிலுகிலுப்பை, அவள் சைக்கிள் கற்றுக்கொண்டபோது பின்சீட்டுக்கு ஒரு பட்டை, மாடிப்படிக் கைப்பிடிக்கு ஒரு பட்டை, அவள் விழுந்துவிடுவாளோ என்று நினைத்த இடத்திலெல்லாம் இந்தக் கை ஒரு பட்டையை வைத்துவிட்டு வந்திருக்கிறது, இவ்வளவு செய்த கை இன்று காலை மட்டும் சும்மாவா இருந்திருக்கும். பசை டப்பாவின் மூடி திறக்கிற சத்தம் கேட்கிறது, அது இன்றைக்குக் கேட்டதா, அன்றைக்குக் கேட்டதா, பிரிக்கத் தெரியவில்லை. பாட்டு கடைசி வரிக்கு வந்துவிட்டது.

நிறுத்துங்க என்று கத்தினார், ஆளுயர ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது, அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை, ஓடினார், அசிஸ்டெண்ட் ஒருத்தன் சட்டையைப் பிடித்து இழுத்து, அண்ணே, ஃபிரேம்ல போறீங்க என்று காதில் கத்தினான், உள்ள பட்ட கீதுடா, என் பொண்ணுடா என்று அவனை உதறுவதற்குள் அவள் முக்காலி மேல் நின்றாள், கையை விரித்தாள், பாய்ந்தாள். தணிகாசலம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தொம் என்று ஒரு சத்தம் வரப்போகிறது, அதற்காக உடம்பெல்லாம் கூசிக் காத்திருந்தது, வந்தது வேறு சத்தம், கல்யாண வீட்டில் அப்பளக் கூடை மேல் யாரோ உட்கார்ந்துவிட்ட மாதிரி பொறுபொறுவென்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி, அப்புறம் கைதட்டல். கண்ணைத் திறந்தால் வெள்ளைக் குவியல், அதற்குள்ளிருந்து ஒரு கை ஸ்டிக்கோடு மேலே வருகிறது, சவுரி ஒரு காது மேல் தொங்க அவள் எழுந்து உட்கார்ந்து இருமுகிறாள்.

கொடி, அடி கிடி பட்டுதா, எங்கயாவது வலிக்குதா. இல்ல நைனா, தூசிதான். உள்ள, அந்தப் பெரிய டிரம்ல, என்று ஆரம்பித்தார். அவள் சவுரியைச் சரி பண்ணிக்கொண்டே, பட்டையா, அத நான் காலைலயே பேத்துப் போட்டுட்டேன், மேக்கப்புக்கு முன்னாடி வந்து கை வுட்டுப் பாத்தேன், கல்லு மாரி ஒட்டி வச்சிருந்த, பேக்குறதுக்குள்ள நகமே போச்சு என்றாள். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி. சொல்லியிருந்தா நீ பயந்துகினு இன்னும் ரெண்டு வச்சிருப்ப. அவர் அந்தக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார், போன உயிர் வந்துவிட்டது, சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை, அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள், நல்ல வேளை, நல்ல வேளை என்று அவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் டைரக்டர் ஒரு விரலைக் காட்டினான், ஒன் மோர். சினிமாக்காரனுக்கு எப்போது திருப்தி வந்திருக்கிறது. பின்னால் துணி போட்டு மூடியிருந்த அடுத்த செட்டுக்கு அப்பாவும் மகளும் போனார்கள், அவள் பெரிய டிரம்மைச் சாய்த்துப் பிடித்தாள், அவர் உள்ளே கையை விட்டார். இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தார், அவள் சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தாள். உளியை வைத்து அவரே நெம்பினார், சுலபத்தில் வரவில்லை, நல்லாத்தான் ஒட்டியிருக்கிறான் பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் பிடுங்கிப் போட்டார். மூன்றாவதிலும் இருந்தது, அதையும் பிடுங்கினார். பிடுங்கிவிட்டு, எதுக்கும் நீ ஒருவாட்டி கை வுட்டுப் பாத்துடும்மா என்றார், அவள் பார்த்தாள், ஒண்ணுமில்ல நைனா என்றாள். மறுபடியும் புகை, மறுபடியும் விளக்கு, மறுபடியும் பாட்டு, மஞ்சள் சவுரி பறக்க அவள் முக்காலி மேல் ஏறினாள், பாய்ந்தாள், இந்த முறை அவர் கண்ணை மூடாமல் பார்த்தார், அவள் உடம்பு பட்ட இடமெல்லாம் அது ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வழிவிட்டு நொறுங்கிக் கீழே போனது, அவள் அதற்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள். நல்லா ஒடஞ்சுதுப்பா என்று தணிகாசலம் பக்கத்தில் நின்றவனிடம் சொன்னார், நான் செஞ்சது.