கம்பளத்துக்கு அடியில் ஒரு கண்ணாடி

மெட்ராஸிலிருந்து வந்த விமானம் டெல்லியின் பாலம் விமான நிலையத்தில் இறங்காமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டால் விமானி அறையில் மூன்று பச்சை விளக்குகள் எரிய வேண்டும். இரண்டுதான் எரிந்தன. பல்பை மாற்றியும் பயனில்லை. ஒயரில் கோளாறு என்றால் பிழைத்தோம். இடது சக்கரமே பூட்டவில்லை என்றால், தரையைத் தொட்டதும் அது மடங்கிவிடும்.

துணை விமானி அந்தோணி நடைவழியில் மண்டியிட்டுக் கம்பளத்தைத் தூக்கினான். அடியில் ஒரு சிறிய கண்ணாடி. அதன் வழியே சக்கரத்தின் கால் தெரியும். அதிலுள்ள சிவப்புக் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால் பூட்டிவிட்டது என்று பொருள்.

அவன் கை பிசுபிசுத்தது.

"என்ன சார் இது, எண்ணெயா?"

பக்கத்து இருக்கையிலிருந்த வேதாந்தம் மனைவியைப் பார்த்தார். காமாக்ஷி காலடியிலிருந்த பையைப் புடவைத் தலைப்பால் மூடினாள். டெல்லி நல்லெண்ணெய் ஆகாதென்று மாம்பலத்தில் வாங்கிய டின். சாப்பாடு கொடுத்தபோதே அது கசிவதைப் பார்த்துவிட்டாள். பேப்பரைப் போட்டு மறைத்தாளே தவிர, யாரிடமும் சொல்லவில்லை.

"கர்மம்! டெல்லியில நம்ம மோதி பாக்ல கடையே இல்லையாடி?"

"கடுகெண்ணெய்ல தோசை வார்த்தா நீங்க தின்பேளா?"

அந்தோணி கைக்குட்டையால் துடைத்தான். எண்ணெய் இன்னும் பரவியது. கண்ணாடிக்குக் கீழே வெறும் சிவப்புக் கறைதான் தெரிந்தது. பின்வரிசையில் ஒருவர் சத்தமாக ஜபிக்கத் தொடங்கினார்.

விமானி அறைக் கதவு திறந்தது. "ஜல்தி, அந்தோணி! பெட்ரோல் இன்னொரு சுத்துக்குத்தான் வரும்."

காமாக்ஷி பையைத் துழாவி ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள்.

"இதைப் போட்டுத் தேயுங்கோ. சீயக்காய்."

"மாமி, விளையாடற நேரமா?"

"எண்ணெய் வேறெதுல போகும்? தேயுங்கோன்னா!"

தேய்த்தான். தண்ணீர் ஊற்றி வழித்தான். மறுபடி தேய்த்தான். வேதாந்தம் மேல்துண்டைக் கொடுத்தார். அந்தோணி கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"சேர்ந்த மாதிரிதான் இருக்கு."

"மாதிரியா?" என்றார் வேதாந்தம்.

அதற்குள் அவன் விமானி அறைக்கு ஓடினான்.

குனிந்து தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். எல்லோரும் குனிந்தார்கள். வலது சக்கரம் தொட்டது. பிறகு இடது பக்கம் மெதுவாக இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்ததாக வேதாந்தத்துக்குத் தோன்றியது. ஒரு குலுக்கல். சக்கரம் உருண்டது.

யாரும் கைதட்டவில்லை. விமானம் நின்றதும் காமாக்ஷி குனிந்து டின்னை எடுத்தாள்.

"சனியன், அதை இங்கேயே விட்டுட்டு வா!"

அவள் ஆட்டிப் பார்த்தாள்.

"இன்னும் பாதி இருக்குன்னா."