ஒன்பது நொடிக்கு ஒரு மினுக்கல்

படிக்கட்டுக்கு அடியில், மீட்டர்கள் வரிசையாக மாட்டியிருந்த அலமாரியின் முன் அவள் செல்போனைக் காதில் இடுக்கிக்கொண்டு நின்றாள். அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு. பூட்டு மின் அலுவலகத்துடையது. பார்க்கலாம், தொட முடியாது.

மூன்றாவது மாடியில் அவள் வீடு. அங்கே விளக்கு, விசிறி, தொலைக்காட்சி எல்லாம் அணைத்தாயிற்று. ஃப்ரிட்ஜின் பிளக்கைக் கூடப் பிடுங்கியாயிற்று. மீட்டரின் சிவப்புப் பொட்டு இனிமேல் மினுக்கக் கூடாது.

மினுக்கியது.

"என்னங்க, எதையாவது விட்டுட்டீங்களா?"

"எல்லாத்தையும் அணைச்சாச்சு, மீட்டர் இன்ஸ்பெக்டர் அம்மா. என்னைத்தான் இன்னும் அணைக்கல," என்றார் மேலிருந்து அவள் கணவர். மரவேலை செய்பவர். சனிக்கிழமை அதுவுமாக இந்த வேலை வைத்துவிட்டாளே என்ற அலுப்பு அவருக்கு.

அவள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஒன்பது நொடிக்கு ஒரு மினுக்கல். ஒரு யூனிட்டுக்கு 3200 மினுக்கல் என்று மீட்டர் மேலேயே எழுதியிருந்தது. கணக்குப் போட்டால் நூற்றிருபத்தைந்து வாட். இரண்டு விசிறி ராப்பகலாக ஓடுகிற மாதிரி. பல்பை மாற்றி, இஸ்திரியை வாரம் ஒருநாளாக்கி, ஹீட்டரைக் காலையில் பத்தே நிமிடம் என்று சட்டம் போட்டும் இரண்டு மாதமாக பில் ஏன் ஏறுகிறது என்பதற்குப் பதில் அந்தப் பொட்டில்தான் இருந்தது.

"நம்ம கம்பியில பக்கத்து வீட்டுக்காரன் கொக்கி போட்டிருப்பான்," என்றார் அவர்.

"இருங்க. போர்டுல இருக்கிற சின்ன சுவிட்சை ஒண்ணொண்ணா இறக்குங்க. நான் பார்த்துச் சொல்றேன்."

வீட்டுக்குள் மின்சாரம் கிளை கிளையாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளைக்கும் போர்டில் ஒரு சுவிட்ச். ஒன்றை இறக்கினார், மினுக்கியது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதை இறக்கியதும் பொட்டு இருண்டது. ஒன்பது போய், இருபது நொடி ஆகியும் இருட்டுதான்.

"இதேதான்! மறுபடி போடுங்க, நிச்சயப்படுத்திக்கலாம்."

போட்டார். மினுக்கியது.

"அஞ்சாவது எதுங்க?"

"பாத்ரூம். ஹீட்டர் மட்டும்தான். அதோட சுவிட்ச் ஆஃப்லதான் இருக்கு."

அணைத்து வைத்த ஹீட்டர் எப்படி மின்சாரம் குடிக்கும்? ஹீட்டருக்கு இரண்டு கம்பி போகிறது. ஒன்றில் மின்சாரம் வரும், மற்றதில் திரும்பிப் போகும். சுவிட்ச் வெட்ட வேண்டியது வருகிற கம்பியை. திரும்புகிற கம்பியை வெட்டினாலும் ஹீட்டர் அணைந்த மாதிரிதான் இருக்கும், சூடாகாது. ஆனால் மின்சாரம் உள்ளேயே காத்துக்கொண்டு நிற்கும். சூடேற்றும் கம்பியில் ஒரு விரிசல் கிடைத்தால் தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

"அந்த சுவிட்சை மாத்தினது நீங்கதானே?"

"நீதானே வெளிப்பக்கம் வைக்கச் சொன்ன, போறப்ப வர்றப்ப அணைக்கலாம்னு."

"கம்பியைப் பார்த்து மாட்டினீங்களா?"

அதற்குள் அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

"கசிவு இருந்தா தானா விழுற சுவிட்ச் ஒண்ணு இருக்கே. அது ஏன் விழல?"

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம். "அது... சுவிட்சை மாத்தின நாள்லேர்ந்து சும்மா சும்மா விழுந்துச்சு. ஃப்ரிட்ஜ்ல எல்லாம் வீணாப்போகுதுன்னு நீயும் திட்டின. அதான் அதை விட்டுட்டு நேரா இணைச்சுட்டேன்."

விழுந்து விழுந்து சொன்னதன் வாயை அடைத்துவிட்டார். மின்சாரம் எங்கோ கசிகிறது என்று கத்தத் தெரிந்த ஒரே பொருள் அது.

போன வாரம் மகள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "குழாய் கடிக்குதும்மா." குளிக்கச் சோம்பல்பட்டுக் கதை கட்டுகிறாள் என்று முதுகில் ஒன்று வைத்து உள்ளே அனுப்பியிருந்தாள்.

"பாப்பா எங்கங்க?"

"விளையாடிட்டு ஒரே புழுதியா வந்தா. குளிக்கப் போ..."

சொல்லை முடிக்கவில்லை. செல்போன் தரையில் விழும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

ஓட வேண்டும் என்று தெரிந்தது, கால் எழவில்லை. மறுபடி போடச் சொன்னது அவள். கண் அந்தப் பொட்டை விட்டு அகலவில்லை. கடைசி மினுக்கல் எப்போது என்று தெரியாது. இப்போதிலிருந்து எண்ணினாள். நான்கு. ஐந்து. மினுக்கினால் அவர் சுவிட்சை இன்னும் இறக்கவில்லை என்று அர்த்தம். ஏழு. எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று.

இருட்டு.

மின்சாரம் நின்றுவிட்டது. ஆனால் பிள்ளையைப் பற்றி அந்தப் பொட்டுக்கு எதுவும் தெரியாதே. அவள் இரண்டிரண்டு படியாக ஏறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மரம் பிளக்கும் சத்தம் கேட்டது.

அவர் கையாலேயே செய்த குளியலறைக் கதவு தாழ்ப்பாளோடு பெயர்ந்து தொங்கியது. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார், தோளைப் பிடித்துக்கொண்டு. மகள் தலையெல்லாம் சோப்பு நுரையோடு நின்று, அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழாயத் தொட்டியா? சொல்லு, தொட்டியா?"

"தொடலம்மா. துண்டை மடிச்சுப் பிடிச்சுத்தான் திறந்தேன்." மகள் கண்ணைக் கசக்கினாள். "சொன்னா அடிக்கிறீங்கல்ல. ஒரு வாரமா அப்படித்தான்."

அவள் மண்டியிட்டு மகளை இறுக்கிக்கொண்டாள். நுரை புடவையெல்லாம் ஒட்டியது. குழாயின் மேல் துண்டு இன்னும் மடித்தபடி கிடந்தது. ஷவரிலிருந்து விழுந்த கடைசிச் சொட்டுகள் அதில் ஊறிக்கொண்டிருந்தன. ஓரம் முழுக்க நனைந்துவிட்டது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் இன்னும் காய்ந்திருந்தது.