முகம் பொருந்தவில்லை

அனுசியா துணியை விலக்கினாள். மூன்றாவது தடவை. நாத்தனார் ராக்கு மூன்றாவது தடவையாக இழுத்து மூடினாள்.

"மூடுடி. பாக்குற மாதிரியா இருக்கு?"

பார்க்கிற மாதிரி இல்லைதான். இமைகள் வீங்கி அடைத்து, உதடு தடித்து, புருஷன் முத்துக்கண்ணனுக்குப் பதிலாக வேற்றாள் எவனையோ கொண்டுவந்து பெஞ்சில் கிடத்தியது போலிருந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து வெள்ளைத்துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு.

செத்தவனின் பெரியப்பா சோணை, வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மருந்து குடிச்ச ஒடம்பு. கொட்டு வேணாம், நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்ட வேணாம். வெரசா தூக்கிருவோம்."

"அவரு குடிக்கல மாமா."

"டேசன்ல அப்படித்தான ஆத்தா எழுதியிருக்கு."

எழுதினதற்குக் காரணம் இருந்தது. ஏலச்செடிக்கு அடிக்கிற மருந்து அவன் உடம்புக்குள் இறங்கியிருந்தது. அவன் மருந்தடிக்கிற மலை எஸ்டேட்டோ, அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை என்றது. குரங்கணி ரோட்டோரம் கிடந்தவனைப் பாவம் பார்த்து ஜீப்பில் தூக்கிப்போட்டு வந்ததாகச் சூப்பர்வைசர் ராஜாராம் எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்குச் சாட்சி, ஸ்டோர் வாசலில் மாட்டியிருக்கிற முகம் பார்க்கும் மிஷின். காலையில் ஆளுக்கு ஆள் அதன் முன்னால் நிற்க வேண்டும். பேர் சொல்லி வணக்கம் வைக்கும். வைத்தால்தான் வேலைக்கு வந்த மாதிரி. அதற்கு டீச்சரம்மா என்று பட்டப்பேர் வைத்ததே முத்துக்கண்ணன்தான். "அஞ்சாப்போட தப்பிச்சோம்னு பாத்தா, இந்த டீச்சரு மலைக்கே வந்துட்டாளே" என்பான்.

அந்த டீச்சரம்மாவிடம் அன்றைக்கு அவன் பேர் இல்லை.

ராக்கு மாரில் அடித்துக்கொண்டாள். "மூஞ்சிய எங்கண்ணுல காட்டாதேன்னு சொன்னாளே... கேட்டுக்கிட்டுப் போயிட்டியே எந்தம்பி..."

கூடியிருந்த பெண்களெல்லாம் அனுசியாவைப் பார்த்தார்கள். சொன்னது நிஜம். சுவருக்கு அந்தப்பக்கம் ராக்கு வீடு, கேட்டிருக்கும். ரெண்டு நாள் தொடர்ந்து மருந்தடித்து முகம் வீங்கி வந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். ஒரு நாள் சோலி போயிரும் என்றான். "அப்ப இந்த மூஞ்சிய எங்கண்ணுல காட்டாத" என்றாள். விடிகாலையில் அவள் அடுப்பு பற்றவைக்கும்போது, துண்டை முக்காடு போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஜீப்புக்குப் போய்விட்டான். ஜீப்பில் ஏறினானா? இல்லை, ரோஷத்தில் எங்காவது போய்க் குடித்துத் தொலைத்தானா? ரெண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குடிக்கல, குடிக்கல என்று ஊருக்குச் சொன்னதில் பாதி அவளுக்கே சொல்லிக்கொண்டது.

எஸ்டேட் ஜீப்பு வந்து நின்றது. ராஜாராம் மாலையோடு இறங்கினார். கூட வந்த ஈஸ்வரன் ஜீப்பை விட்டு நகரவில்லை. முத்துக்கண்ணனோடு ஜோடியாக மருந்தடிக்கிறவன்.

மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பிய ராஜாராமை அனுசியா மறித்தாள்.

"நெசமாவே அவரு வேலைக்கு வரலையா சார்?"

"மனுசன்னா வேண்டியவன் வேண்டாதவன் பாப்பான். இந்த மிஷினு தானா யோசிக்கிற மூளைம்மா. இதுக்கு யாரு மேல விரோதம்?" போனை எடுத்து நீட்டினார். "ஸ்டோர்ல இருக்குறதும் இதுதேன். அன்னைக்குத் தேதியப் பாரு. அவன் பேரு இருக்கா?"

அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

"இதுலயும் மூஞ்சியக் காட்டலாமா?"

"காட்டலாம். அந்தப் பச்சைய அமுக்குனா..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

அவள் அதற்குள் பெஞ்சருகே குத்தவைத்திருந்தாள். துணியை விலக்கி, போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. ஒப்பாரி நின்றுபோனது.

"முகம் பொருந்தவில்லை. தயவுசெய்து மீண்டும் முயற்சிக்கவும்."

தேன் குழைத்த மாதிரி ஒரு பெண்குரல். அனுசியா நெற்றிக்காசை எடுத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு மறுபடி காட்டினாள்.

"முகம் பொருந்தவில்லை."

"செத்த மூஞ்சிம்மா அது! அதுக்கு எப்படித் தெரியும்? போனக் கொண்டா!"

"செத்ததுனால தெரியலையா சார், வீங்குனதுனால தெரியலையா?"

மூன்றாவது தடவையும் அது அதையேதான் சொன்னது.

"அன்னைக்கும் மூணு தடவதேன் சொல்லுச்சு."

ஜீப்புப் பக்கமிருந்து குரல் வந்தது. ஈஸ்வரன் தரையைப் பார்த்தபடி பேசினான்.

"டீச்சரம்மாவுக்கே என்னைய அடையாளம் தெரியலடா, எம்பொண்டாட்டி வஞ்சதுல தப்பே இல்லன்னு சிரிச்சாரு மதினி. பேரை அப்புறம் ஏத்திக்கிருவோம், போயி மருந்தடின்னு இந்தச் சூப்பர்வைசருதேன் அனுப்புனாரு. பத்து மணிக்கு டேங்குப் பக்கத்துல வாந்தி எடுத்து விழுந்தாரு. நாந்தேன் தூக்குனேன்."

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு மதினி."

"ஈஸ்வரா, நாளைக்கும் நீ மலையேறணும். யோசிச்சுப் பேசு." ராஜாராம் போனைப் பிடுங்கிக்கொண்டு ஏறினார். ஜீப்பு ஈஸ்வரனை விட்டுவிட்டுப் போனது.

சோணை மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார்.

"கொட்டுக்காரவுகளுக்கு ஆளனுப்புங்கடா. நீர்மாலைக்குக் கொடம் எடுங்க."

ராக்கு துணியைக் கழுத்துவரை மடித்துவிட்டு, சேலைத் தலைப்பால் தம்பியின் கண்ணோரத்தைத் துடைத்தாள். காசை எடுத்து அனுசியாவின் கையில் கொடுத்தாள். அனுசியா அதை அவன் நெற்றியில் வைத்தாள்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டுத் திரும்பும்போது வாசலில் ஈஸ்வரன் உட்கார்ந்திருந்தான். பத்து மணி இருக்கும். வேலைக்காரர்கள் யாரும் ஊருக்குள் இருக்கிற நேரமில்லை.

"சோலிக்குப் போகலையா தம்பி?"

"போனேன் மதினி. டீச்சரம்மாவுக்கு என் மூஞ்சியும் தெரியலையாம்."

கன்னத்தைத் தடவிக்கொண்டான். வீக்கமில்லை, ஒன்றுமில்லை. எப்போதும் போலத்தான் இருந்தது.

அனுசியா உள்ளே போய்க் கடுங்காப்பி போட்டு, முத்துக்கண்ணனின் டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடியில் அவன் முக்காடு போட்டுப் போன துண்டு காய்ந்துகொண்டிருந்தது. மூன்று தடவை சோப்புப் போட்டும் மருந்து நெடி போகவில்லை. காற்றுக்கு அது ஈஸ்வரன் பக்கமாக ஆடியது.

அவன் முகத்தில் படாதபடி அதை எட்டி ஒதுக்கிவிட்டாள்.