ஒளிக்க இடமில்லாத கோட்டு

தேவபிரசாதம் முதலில் கேட்டது துணியைப் பற்றியும் அல்ல, விலையைப் பற்றியும் அல்ல. உள்ளே எதையும் ஒளித்து வைக்க முடியாதபடி ஒரு கோட்டு தைக்க முடியுமா என்றுதான் கேட்டார்.

கீழவைப்பார் போகிற சாலையில் உள்ள ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனிக்கு அவர் மேலாளர். அங்கே இறால் உரிக்கிற பெண்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டு கோணிப்பையைப் போலத் தொளதொளவென்று இருந்தது. அதற்குள் இறாலைப் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்பது அவர் புகார். உடம்போடு ஒட்டினாற்போல் தைத்துவிட்டால் வாசலில் நிற்கிறவன் பார்த்தாலே போதும். முத்துக்குளிப்புக் காலத்திலேயே கரையில் சோதனை உண்டு, இது ஒன்றும் புதுசு இல்லை என்று சொல்லிவிட்டு, பனிக்கட்டியில் புதைத்த இறால் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார். அது அன்பளிப்பு.

தூத்துக்குடியில் அவர் தேடி வந்த தையல் கம்பெனியை நடத்திவந்த செந்தில்முருகன் பெட்டியையும் ஆர்டரையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார். மழைக்காலம் முழுக்க மிஷின்கள் பாதி சும்மா கிடந்தன. ஆர்டர் வந்தது அவருக்குக் கடவுளே நேரில் வந்தது மாதிரி இருந்தது.

கம்ப்யூட்டரில் உடுப்புக்கு அச்சு வரைகிற வேலை ஜெப்ஸியுடையது. நாசரேத்துப் பெண். கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்தவள். தேவபிரசாதத்துக்கும் நாசரேத்துதான். அவளைப் பார்த்ததும், "ஜேசுபாதம் சார் மவளாம்மா? ஸ்தோத்திரம். அப்ப வேலை சுத்தமா இருக்கும்" என்றார். அப்பாவின் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கிறவர்களிடம் முடியாது என்று சொல்வது அவளுக்கு எப்போதுமே கஷ்டம்.

அவள் வேலையைத் தொடங்கினாள். உடம்பு தட்டை இல்லை, துணி தட்டை. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத் துணியை ஓர் ஆப்பு வடிவில் மடித்துத் தைப்பார்கள். டாட் என்பது அதுதான். காகிதத்தில் என்றால் வெட்டி, திருப்பி, ஒட்ட வேண்டும். திரையில் அந்த ஆப்பைத் தொட்டு, புது இடத்தைத் தொட்டால் போதும்; பழையது மூடிக்கொள்ளும், புதியது திறக்கும். அளவு எங்கேயும் போய்விடாது, இடம்தான் மாறும். அவள் அக்குள் பக்கத்து டாட்டை மூடித் தோளில் திறந்தாள். இடுப்பு டாட்டை அதனோடு சேர்த்தாள். தோளிலிருந்து விளிம்புவரை ஒரே தையலாக ஓடவிட்டு, மிச்சமிருந்த தளர்ச்சியையெல்லாம் அதற்குள் இழுத்துக்கொண்டாள். கோடு நெளியாமல் வந்து விழுந்தது. நல்லாத்தான் வந்திருக்கு என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

திரையில் முகமில்லாத ஒரு பொம்மைக்கு அதை மாட்டிக் காட்டினாள். தேவபிரசாதம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். திருப்பச் சொன்னார். பக்கவாட்டில் நிறுத்தச் சொன்னார். கிட்டே கொண்டுவரச் சொன்னார். கணக்கு எழுதுகிற ஷாம் தன் மேசையை விட்டு எழுந்து வந்து அவர் பின்னால் நின்றான். பார்சல் ஆளும் வந்தான். ஒருவரும் தையலைப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் பிடிக்கலாம்லம்மா, இங்கன?" என்று அவர் திரையில் விரலை வைத்தார். காலையில் தின்ற வடையின் எண்ணெய், விரலை எடுத்த பிறகும் பொம்மையின் மார்பில் வட்டமாக மினுங்கியது. ஷாம் மூக்கால் சிரித்தான்.

அவர்கள் போன பிறகு ஜெப்ஸி திரையைத் துடைத்தாள். துடைத்த துணியைக் குப்பையில் போட்டாள்.

மாதிரிக் கோட்டு தைத்து முடிந்ததும், போட்டுப் பார்ப்பதற்குத் தேவபிரசாதம் கம்பெனி வேனில் ஒரு தொழிலாளியையே கூட்டிவந்தார். பேச்சித்தாய் என்று பெயர். நாற்பது வயதிருக்கும். விரல் நுனிகள் ஐஸிலும் இறால் ஓட்டிலும் ஊறி வெளுத்து, தோல் உரிந்திருந்தன. துணி அடுக்கிவைக்கும் அறையில் ஜெப்ஸி அவளுக்குக் கோட்டை மாட்டிவிட்டாள். பொத்தான் போடும்போது பேச்சித்தாய் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"மூச்சு விடலாமா பிள்ள, அதுக்கும் அவரு உத்தரவு வேணுமா?" என்றாள்.

இறால் கம்பெனி வாசலில் நடப்பதை அவளே சொன்னாள், சந்தை விலை சொல்வது போல. முன்னே சோதனைக்கு ஒரு பெண் இருந்தாள், நின்றுவிட்டாள். இப்போது இரண்டு ஆண்கள். கையால் தொடக்கூடாதென்று உத்தரவு, அதனால் குச்சியால் அமுக்கிப் பார்க்கிறார்கள். எங்கே அமுக்க வேண்டும் என்பதைக் குச்சி வைத்திருக்கிறவன் முடிவு செய்வான். இனிமேல் குச்சி வேண்டாம், பார்த்தாலே தெரியும் என்று மேலாளர் கூட்டம் போட்டுச் சொல்லியிருக்கிறார். பெண்கள் நலனுக்காகத்தான் இந்தக் கோட்டு என்றும் சொல்லியிருக்கிறார்.

"முத்துன்னாலும் வாயில போட்டு முழுங்கிரலாம். பச்ச றாலை எங்கன ஒளிக்க? ஒருத்தி, பிள்ளைக்குன்னு நாலு எடுத்தா. அதுக்கு எங்க எல்லாருக்கும் இது."

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அன்பளிப்புப் பெட்டியிலிருந்து செந்தில்முருகன் ஜெப்ஸிக்கும் ஒரு பாக்கெட் கொடுத்திருந்தார். கணவன் பெவின் மிளகு தூவி வறுத்தான். அவள் இரண்டாவது முறையும் வாங்கித் தின்றாள். அந்த ருசி இப்போது நாக்கில் வந்தது.

வெளியே வந்ததும் தேவபிரசாதம் பேச்சித்தாயைக் குனியச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார். குனிந்தபோது கோட்டு முதுகில் இறுகி, அக்குளில் தையல் இழுபட்டது. இறால் மேசைமேல் எட்டு மணி நேரம் குனிந்தே நிற்கிறவர்கள், முதுகிலாவது ஒரு மடிப்பு விட வேண்டும் என்றாள் ஜெப்ஸி.

"மடிப்பு விட்டா அதுக்குள்ள வைப்பாளுவ" என்றார் அவர். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "முதுகு கிடக்கட்டும். முன்னாலயே இன்னும் லூசா இருக்கு பாருங்க அண்ணாச்சி, இங்கன. இங்கனயும்." பேனா முனை பேச்சித்தாயின் மார்புக்கு ஒரு விரல் தள்ளிக் காற்றில் கோடு போட்டது. பேச்சித்தாய் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செந்தில்முருகன் தரையைப் பார்த்தார். "அத மூடிரும்மா" என்றார் ஜெப்ஸியிடம்.

"மூடுனா வேற எங்கயாவது டாட் திறக்கணும் அண்ணாச்சி. எங்கன்னு காட்டுங்க."

"கம்ப்யூட்டர்ல பாத்துப் போட்டுரு."

"கம்ப்யூட்டர்ல இல்ல. இந்த அக்கா மேலயே காட்டுங்க. சார் காட்டுதாருல்லா, அந்த மாதிரி நீங்களும் விரல வச்சுக் காட்டுங்க. நான் அப்படியே செஞ்சுருதேன்."

மிஷின்களில் இருந்த பெண்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டார்கள். செந்தில்முருகன் கையைத் தூக்கினார். அது பாதியில் நின்றது. பேச்சித்தாய் இப்போது கூரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் கையை இறக்கி வேட்டியில் துடைத்தார். ஈரம் எதுவும் இல்லை, ஆனாலும் துடைத்தார்.

"இந்தத் துணி அவ்வளவு தாங்காது சார்" என்றார்.

"திருப்பூர்ல தாங்கும் அண்ணாச்சி" என்று தேவபிரசாதம் பேனாவை மூடினார். குரலில் கோபமே இல்லை. ஜேசுபாதம் சாரிடம் நாசரேத்துக் கோயிலில் பார்த்துப் பேசிக்கொள்வதாகச் சொன்னார். பேச்சித்தாய் கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு அவருக்கு முன்பாகவே வேனில் போய் ஏறிக்கொண்டாள்.

அதன் பிறகு செந்தில்முருகன் ஜெப்ஸியிடம் பல நாள் சரியாகப் பேசவில்லை. ஷாம் மட்டும், பெரிய ஆர்டரைத் துரத்திவிட்ட மகராசி என்று அவள் காதுபடச் சொன்னான்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் பேச்சித்தாய் வாசலில் வந்து நின்றாள். கையில் பெரிய கட்டைப்பை. உள்ளே வெள்ளைக் கோட்டுகள். வேறு ஊரில் தைத்து வந்துவிட்டன. சேர்ந்து வேலை பார்க்கிறவர்களுடையதையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"குனிய முடியல பிள்ள. பிரிச்சு விட்டுத் தா."

பையைத் திறந்ததும் இறால் கவிச்சை முகத்தில் அறைந்தது. வெந்நீரில் துவைத்தும் போகாத நாற்றம். ஜெப்ஸி ஒன்றை எடுத்து உள்புறம் திருப்பினாள். டாட்டின் முனை எங்கேயோ கோணலாக முடிந்து, துணி அங்கே கூம்பி நின்றது. நான் போட்டிருந்தால் இவ்வளவு அசிங்கமாக முடிந்திருக்காது என்று முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதும், கவிச்சையைவிட அந்த நினைப்புதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பிரிக்கவும் வழியில்லை. மடித்த துணியை உள்ளேயே வெட்டி எறிந்துவிட்டு ஓரம் அடித்திருந்தார்கள். தையலைப் பிரித்தால் விடுவதற்குத் துணி இல்லை, ஓட்டைதான் இருக்கும். பேச்சித்தாயிடம் காட்டினாள். அவள் தடவிப் பார்த்துவிட்டு, "துணியையுமா களவாண்டுட்டானுவ?" என்றாள்.

ஜெப்ஸி கத்தரிக்கோலை எடுத்தாள். அக்குளில் வைத்து, பக்கத்துத் தையலை இடுப்புவரை கிழித்தாள். வெட்டு மேசைக்கு அடியில் கிடந்த வெள்ளைத் துண்டு ஒன்றை நீள முக்கோணமாக வெட்டி அந்த இடைவெளியில் பொருத்தினாள். வெள்ளைக்கு வெள்ளை ஒத்துப்போகவில்லை. தூரத்திலிருந்தே ஒட்டுப்போட்டது தெரியும்.

செந்தில்முருகன் சாப்பிட்டுவிட்டு வந்தவர் மிஷின் பக்கத்தில் நின்றார். மூக்கைச் சுளித்தார். பையைப் பார்த்தார், பேச்சித்தாயைப் பார்த்தார்.

"கெட்டி நூலு மேல் தட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பேச்சித்தாய் கோட்டைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். தையல் இழுக்கவில்லை. இருமினாள். மூச்சை முழுசாக விட்டாள்.

"நாளைக்கு வாசல்ல நிக்கிற ஆளு கேட்டா என்னக்கா சொல்லுவிய?"

"கிழிஞ்சிட்டுன்னு சொல்லுவேன். வேணும்னா குச்சிய வச்சுப் பாத்துக்கிடட்டும்."

அவள் குச்சி என்று சொன்னதும் ஜெப்ஸியின் கை நின்றது. ஒட்டுப்போட்ட கோட்டில் தளர்ச்சி இருக்கும். தளர்ச்சி இருந்தால் குச்சி திரும்பவும் வரும். அதை அவளிடம் சொன்னாள்.

"தெரியும்" என்றாள் பேச்சித்தாய். "நீ தைய்யி."

ஜெப்ஸி பையிலிருந்து அடுத்ததை எடுத்து உள்புறம் திருப்பினாள்.