வளராத முளைப்பாரி

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. எங்கள் தேயிலை எஸ்டேட் மாரியம்மன் கோயில் சாவி இத்தனை வருஷமாக என் இடுப்பில் தொங்குவதற்கு அதுதான் காரணம். தலைவரையும் சந்தேகப்படுவேன், பூசாரியையும் சந்தேகப்படுவேன். ஆனால் எல்லோரையும் ஒரே அளவுக்குத்தான். அதனால் ஒரு குடும்பமும் கெட்டதில்லை. குகன் குடும்பம் கெட்டது சந்தேகத்தால் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

இப்போதெல்லாம் கொழுந்தைக் கையால் கிள்ளுவதில்லை. மெஷின்தான். செடி வரிசையின், அதாவது நிரையின், இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் பிடித்துக்கொண்டு நடப்பான். ஒருவன் கை தளர்ந்தால் பிளேடு மற்றவன் மேல் சாயும். குகனும் வேலப்பனும் அப்படி ஒரே மெஷினைப் பல வருஷம் பிடித்தவர்கள். மறுபக்கத்துக்காரனை நம்பாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. குகன் நம்பிப் பழகிவிட்டான்.

போன வருஷம் மேனேஜர், வயதில் இளையவனான குகனைக் கங்காணியாகப் போட்டார். வேலப்பன் மாலை வாங்கிவந்து போட்டுச் சிரித்தான். சிரிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் சிரிக்கிறவனை நான் குறித்துக்கொள்வேன்.

இந்த வருஷத் திருவிழாவில் குகன் தீ மிதிக்க வேண்டிக்கொண்டு காப்புக் கட்டினான். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் எஸ்டேட் கேட்டைத் தாண்டக் கூடாது, பெண்சாதி சுபத்ரா இருக்கிற வீட்டுக்கும் போகக் கூடாது. கோயில் கொட்டகையில்தான் சாப்பாடும் படுக்கையும். அதே நாளில் பெண்கள் கோயில் பக்கத்து அறையில் முளைப்பாரி போடுவார்கள். வெளிச்சம் படாத அறை. சட்டிகள் எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை என்பதால், அடையாளத்துக்கு அவரவர் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்துச் சட்டியில் கட்டுவார்கள். பயிர் நெடுநெடுவென்று வந்தால் நல்ல மனைவி. வராவிட்டால் ஊர் வாய் சும்மா இருக்காது. பச்சைப்பயற்றுக்கும் பெண்பிள்ளை ஒழுக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மனிடமே கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

வேலப்பன் காப்புக் கட்டவில்லை. ரிங்லெட் டவுனுக்குப் போவான், வருவான். வேலை முடிந்ததும் கொட்டகையில் வந்து குகன் பக்கத்தில் உட்காருவான்.

"நான் ஒன்னும் சொல்லல லா தம்பி. சுபத்ராவ டவுன்ல பாத்தேன். திருமாறன் லோரில ஏறிப் போச்சு. அவ்ளோதான்."

"கோயில் சாமான் வாங்கப் போனா. அவன் லோரிதானேண்ணே டவுனுக்குப் போவுது."

"அதத்தான் நானும் சொல்றேன். தங்கமான பொண்ணு. நீ மனசுல ஒன்னும் வச்சுக்காத."

மனதில் ஒன்றுமே இல்லாதவனிடம் அப்படிச் சொன்னால், அங்கே என்ன இருக்கிறது என்று அவன் தேட ஆரம்பித்துவிடுவான். மறுநாள் வேலப்பன், இரண்டு பேரும் கடையில் தேத்தண்ணி குடித்தார்கள் என்றான், பாவம் பசித்திருக்கும் என்றும் அவனே சேர்த்துக்கொண்டான். இன்னொரு நாள், திருமாறன் ஏதோ சொல்ல அவள் சிரித்தாள் என்றான், சிரிப்பது தப்பா என்றும் அவனே கேட்டான். நான் விசாரித்தேன். எல்லாம் நிஜம். லோரிக்கு டயர் மாற்றும்வரை கடையில் காத்திருந்திருக்கிறார்கள். ஒரு பொய்கூடச் சொல்லாமல் அந்த வேலையைச் செய்தான் அவன்.

காப்பு இல்லாவிட்டால் குகன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் நேரில் பார்த்திருப்பான். இப்போது வேலப்பன் கண்தான் அவனுக்குக் கண். போன் இல்லையா என்பீர்கள். இருந்தது. "எங்க இருக்க" என்று கேட்பான். "யாரோட இருக்க" என்று கேட்கத் தைரியம் இல்லை, வைத்துவிடுவான்.

"டேய், அவன் பேச்சக் காதுல வாங்காத. கங்காணி வேல அவன் தொண்டையில நிக்குது" என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க ஆத்தாவயே நம்பமாட்டீங்க தாத்தா" என்றான்.

நியாயம்தான். தினமும் குரைக்கிற நாய்க்கு யார் எழுந்து வருவார்கள்?

முளைப்பாரி எடுக்கும் நாள் காலையில் அறையைத் திறந்தேன். பெண்கள் சட்டிகளை வெளியே கொண்டுவந்தார்கள். வேலப்பன் பெண்சாதி ஜெயாவின் சிவப்புத் துணி கட்டிய சட்டியில் பயிர் அடர்ந்து நின்றது. சுபத்ராவின் நீலத் துணி கட்டிய சட்டியில் விரல் உயரத்துக்கு வந்து சாய்ந்து கிடந்தது. வேலப்பன் குகன் தோளைத் தொட்டு, "பயிருக்கு என்னா தெரியும் தம்பி, விடு" என்றான்.

குகன் போய் அவள் கையிலிருந்த சட்டியைப் பிடுங்கிக் கோயில் வாசலுக்கு வெளியே வைத்தான்.

"இது உள்ள வரக் கூடாது. நீயும்தான்."

"ஏன்னு சொல்லுங்க."

"திருமாறனப் போய்க் கேளு."

எஸ்டேட்டே பார்த்துக்கொண்டிருந்தது. சுபத்ரா ஒரே ஒரு தடவை ஜெயாவைப் பார்த்தாள். ஜெயாதான் தன் சட்டியை இறக்கி வைத்து, சிவப்புத் துணியை அவிழ்த்தாள்.

"வெளிய கெடக்கறது என் சட்டி" என்றாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. வருஷா வருஷம் அவள் பயிரைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் பேசும். இந்த வருஷமும் குளிரில் வரவில்லை என்று அந்த இருட்டு அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். சுபத்ரா இரண்டு துணிகளையும் அவிழ்த்து மாற்றிக் கட்டியிருக்கிறாள்.

"நான் வேணாம்னேன். 'நீங்க தூக்குங்கக்கா, எங்க வீட்டுக்காரரு என்னய ஒன்னும் சொல்லமாட்டாரு'ன்னா."

"பைத்தியமா ஒனக்கு?" என்றான் வேலப்பன்.

"நீ பேசாத. தெனமும் இவன்கிட்ட என்னா சொன்னேன்னு வீட்ல வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சவன்தானே நீ."

வேலப்பன் லயத்து வீட்டைப் பார்த்து நடந்தான். யாரும் அவனைத் தொடவில்லை. என்னவென்று சொல்லி அடிப்பது? அவன் சொன்னது எல்லாம் நடந்ததுதானே.

குகன் அந்தக் குட்டைப் பயிர்ச் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு சுபத்ரா முன்னால் வந்து நின்றான்.

"ஏமாந்துட்டேன் சுபத்ரா."

"ஏமாறலாம். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அவள் வீட்டுக்குப் போய் ஒரு பையோடு வந்தாள். கம்போங் ராஜாவில் அவள் அம்மா வீடு. திருமாறன் லோரியை நிறுத்தினான். அவள் ஏறாமல் நடந்தாள். குகன் பின்னாலேயே ஓடினான், எஸ்டேட் கேட் வரைக்கும். அங்கே நின்றுவிட்டான். கையில் காப்பு.

நானும் பின்னால் போயிருந்தேன். அவன் மறு கை அந்த மஞ்சள் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அறுத்துவிடுவான் என்று நம்பினேன். எனக்கே புதிதாக இருந்தது. அவள் வளைவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அவன் அறுக்கவில்லை.

தீ மிதித்தான். காலில் ஒரு கொப்புளம் இல்லை, அம்மன் மன்னித்துவிட்டாள் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். சுபத்ரா இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள்.